பத்தொன்பதாம் எண்

கோயம்புத்தூரில் பீளமேட்டுப் பக்கம் ஒரு குரு இருந்தார். பெயர் செண்பகவடிவு. முப்பது வயதைத் தாண்டி ஒன்றிரண்டு ஆகியிருக்கும். அவருக்கு ஒரு சீடர் இருந்தார். பெயர் அர்த்தநாரி. அறுபதைத் தாண்டியவர். வயதை நான் மாற்றிச் சொல்லிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். அப்படித்தான் இருந்தது.

குருவின் வேலை படங்களுக்கு வண்ணம் பூசுவது. எல்லாப் படங்களுக்கும் அல்ல. ஒருவர் புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தால், இதைக் கண்டுபிடித்தது நான்தான் என்று அரசாங்கத்துக்குப் படம் வரைந்து கொடுப்பார் இல்லையா, அந்தப் பேட்டன்ட் படங்களுக்கு. அதிலும் பழைய விளையாட்டுச் சாமான்களின் படங்களுக்கு. அதிலும் தண்ணீர்த் துப்பாக்கி என்றால் குருவுக்கு உயிர்.

அந்தப் படங்களை நீங்கள் பார்த்திருந்தால் அதற்கான காரணம் தெரிந்திருக்கும். எல்லாம் கறுப்பு மைக் கோடு. வெளியே தெரிகிற பாகத்துக்கு முழுக்கோடு, உள்ளே மறைந்திருப்பதற்குப் புள்ளிக்கோடு. வெளிச்சம் இடது மேல் மூலையிலிருந்து விழுகிறது என்று எல்லோரும் சேர்ந்து ஒப்புக்கொண்டது போல, நிழல் எப்போதும் வலது கீழ்ப் பக்கம். ஒவ்வொரு பாகத்துக்கும் ஓர் எண். குழந்தை கையில் பிடித்து ஒருவரை நனைக்கப்போகிற ஒரு சின்னச் சாமானுக்கு, கோயில் கட்டுகிறவர்களின் கவனம். எண்களுக்கு என்ன அர்த்தம் என்று தனித் தாளில் எழுதியிருப்பார்கள். பழைய படங்களில் அந்தத் தாள் பெரும்பாலும் தொலைந்துபோயிருக்கும்.

அர்த்தநாரி வேலைக்காலம் முழுக்க ஒரு பம்ப் கம்பெனியின் வரைபடப் பிரிவில் இருந்தவர். பம்ப் எங்கே ஒழுகும், எந்த மூட்டில் கசியும் என்று படத்தைப் பார்த்தே சொல்வார். அவர் வரைந்த தாள்களைக் கட்டி வைத்தால் ஒரு வண்டிச் சுமை வரும். ஒவ்வொரு தாளின் மூலையிலும் கம்பெனியின் பெயர் இருக்கும். அவர் பெயர் ஒன்றில்கூட இல்லை.

வண்ணம் கற்க வந்தபோது பக்கத்து வீட்டுக்காரர் கேட்டாராம், "ஏனப்பா அர்த்தநாரி, இந்த வயசுல ஒண்ணாங் கிளாஸ்ல சேர்ந்துட்டியாமா? டீச்சர் அடிப்பாங்களா?"

"அடிக்கறதில்லீங்க. ஆனா பேசவும் மாட்டேங்கறாங்க. அதுக்கு அடிச்சுட்டாலும் பரவால்ல."

அது உண்மைதான். குரு அதிகம் பேசுவதில்லை. சீடர் ஒரு படத்தை எடுத்து வைத்தால் ஒரே கேள்விதான் கேட்பார்.

"தண்ணி எந்த வழியாப் போகுதுங்க?"

சீடர் விரலை வைத்துக் காட்ட வேண்டும். தொட்டியில் தொடங்கி, குழாயில் இறங்கி, விசையை அழுத்தினால் தள்ளுகிற தண்டைத் தாண்டி, மூக்கு வழியாக வெளியே. விரல் எங்காவது தயங்கினால் குரு தூரிகையை எடுத்து வைத்துவிடுவார். அன்றைக்கு வண்ணம் கிடையாது.

ஆச்சா. ஊரில் புதிதாகக் குழந்தைகள் நூலகம் ஒன்று கட்டினார்கள். அதன் நீளச் சுவருக்குத் தண்ணீர்த் துப்பாக்கிப் படங்கள் கேட்டார்கள். எல்லாவற்றையும் குரு முடித்துவிட்டார். ஒன்றே ஒன்று பாக்கி. அதைச் சீடரிடம் கொடுத்தார்.

"இதை நீங்க பண்ணுங்க. முடிச்சா மூலையில உங்க பேரை எழுதலாம்."

அர்த்தநாரி தாளை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"இது யாரு வரைஞ்சதுங்க டீச்சர்?"

"சாராள்னு ஒரு அம்மா. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகள்ல ஒரு பம்ப் பட்டறையில, படத்தை மை போட்டு நகலெடுக்கற ட்ரேசரா இருந்தாங்களாம். இதைக் கண்டுபிடிச்சதும் அவங்கதான், வரைஞ்சதும் அவங்கதான். பொம்மை மட்டும் கடைசி வரைக்கும் வெளிய வரல."

"வெளிய வரலீங்களா? அப்ப இதுக்கு என்ன நிறம்னு எப்படித் தெரியும்? மத்ததுக்கெல்லாம் பழைய பெட்டி இருந்துச்சு, விளம்பரம் இருந்துச்சு. செய்யாத சாமானுக்கு நிறம் ஏதுங்க?"

குரு தூரிகைகளை எடுத்துத் துடைக்கத் தொடங்கினார்.

"அந்த அம்மாவுக்கே போன் பண்ணிக் கேட்டுறலாங்களே?"

"பண்ணேன். வரைஞ்சதுக்கு மேல சொல்றதுக்கு ஒண்ணுமில்லைன்னு வெச்சுட்டாங்க." குரு தூரிகைகளைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "சனிக்கிழமை சாயங்காலம் பார்க்க வர்றாங்க. ஞாயித்துக்கிழமை நூலகம் திறக்கறாங்க. அவங்க பார்த்து 'இது என்னுது'ன்னு சொன்னா சுவருக்குப் போகும். சொல்லலைன்னா அந்த இடம் காலியாவே இருக்கட்டும்."

சீடர் படத்தை விளக்கடியில் வைத்துப் பார்த்தார். அவரும் வரைந்தவர்தானே. ஒரு கோட்டிலும் திருத்தம் இல்லை, மை ஊறவில்லை, வளைவு எங்கேயும் திக்கவில்லை. நிழல் கோடுகள் ஓரத்துக்கு வர வர நெருங்கி, ஒரு தகரத் தொட்டியைக் காகிதத்திலேயே உருட்டி வைத்திருந்தன.

"என்ன கைங்க டீச்சர் இது! எங்க கம்பெனியில இப்படி ஒருத்தர் இருந்திருந்தா நாங்கெல்லாம் பென்சில் சீவத்தான் லாயக்கு."

"சரி. தண்ணி எந்த வழியாப் போகுது?"

சீடரின் விரல் தொட்டியில் தொடங்கியது. குழாய், தண்டு, அழுத்தம் ஏறுகிற அறை, மூக்கு. பிறகு அந்த அறையின் பின்சுவரில் வந்து நின்றது. அங்கே ஊசிமுனை அளவுக்கு ஒரு துளை. சற்றே சாய்வாக. பத்தொன்பது என்று எண் போட்டிருந்தது; எண்ணுக்கு அர்த்தம் சொல்லும் தாள்தான் இல்லை.

"இங்கே ஒரு ஸ்க்ரூ வரணுங்க. வரைய மறந்துட்டாங்க."

"மறந்துட்டாங்களா?"

"அழுத்தம் ஏறுற இடத்துல ஓட்டை இருந்தா ஒழுகுங்க. சுடறவன் மூஞ்சியிலதான் பீச்சும். அதுல ஸ்க்ரூ போட்டு அடைப்பாங்க. நான் பார்க்காத பம்புங்களா?"

குரு அவரை ஒரு முறை பார்த்தார். படத்தை ஒரு முறை பார்த்தார்.

"எனக்குப் பம்ப் தெரியாதுங்க. நீங்க பூசுங்க" என்றார்.

அர்த்தநாரி பூசினார். உடம்புக்கு ஆழ்ந்த சிவப்பு. பிடிக்குக் கறுப்பு. மூக்குக்கு வெள்ளி. பத்தொன்பதாம் எண் துளையின் மேல் ஒரு பித்தளை ஸ்க்ரூ. தலையில் திருப்புளி வைக்கிற கோடு, அதன் ஓரத்தில் ஒரு துளி மினுக்கு. சனிக்கிழமை மதியம் கிளிப் மாட்டிக் கொடியில் காயப்போட்டார். தள்ளி நின்று பார்த்தார். கடையில் வைத்தால் பத்துக் குழந்தைகள் அழுது வாங்கும் சாமான்.

"முடிஞ்சுதுங்க டீச்சர். எப்படி இருக்குதுங்க?"

குரு கொடிக்குக் கீழே வெகுநேரம் நின்றார்.

"அந்த ஸ்க்ரூ ரொம்ப அழகா இருக்குது" என்றார்.

சீடருக்கு முகம் மலர்ந்தது. ஒரு விநாடிதான். பிறகு சந்தேகம் வந்துவிட்டது.

"ஏனுங்க, ஸ்க்ரூவை மட்டும் சொல்றீங்க?"

குரு சமையலறைக்குப் போய் அடுப்பைப் பற்றவைத்தார். கோணி ஊசி ஒன்றை இடுக்கியில் பிடித்துச் சுட வைத்தார். அலமாரியில் கிடந்த கடைத்தெருப் பிளாஸ்டிக் துப்பாக்கி ஒன்றை எடுத்து, அதன் பின்பக்கம் குத்துமதிப்பாக ஓர் இடத்தில் ஊசியை வைத்தார். பிளாஸ்டிக் பொசுங்குகிற வாடை வந்தது.

"டீச்சர்! நல்ல சாமானைக் கெடுக்கறீங்களே!"

"வாங்க மொட்டை மாடிக்கு."

மொட்டை மாடியில் வெயில் காய்ந்தது. குரு துப்பாக்கியில் தண்ணீர் நிரப்பிச் சீடர் கையில் கொடுத்தார். பத்தடி தள்ளிப் போய் நின்றார்.

"சுடுங்க."

"யாரைங்க?"

"என்னைத்தான்."

"குருவைச் சுடறதுங்களா? என்னங்க பேச்சு இது. பாவமுங்க."

"சுடாட்டித்தான் கோபம் வரும். நல்லாக் குறி பார்த்துச் சுடுங்க."

அர்த்தநாரி கண்ணை இடுக்கிக்கொண்டு விசையை அழுத்தினார். தண்ணீர் குருவின் தோளில் விழுந்தது. அதே நொடியில் இன்னொரு கீற்று சுட்டவர் கண்ணிலேயே பளிச்சென்று அடித்தது. மனிதர் துள்ளிவிட்டார்.

"பார்த்தீங்களா, ஒழுகுது! நான் சொல்லலை?"

"இன்னொரு தடவை."

மறுபடியும் அழுத்தினார். குருவின் கை நனைந்தது. இவருடைய மூக்கு நனைந்தது.

"இன்னொரு தடவை."

இந்த முறை அழுத்துவதற்கு முன்பே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. யாரையாவது நனைக்கலாம் என்று ஓங்குகிற கை, தன் முகத்துக்கும் சேர்த்து ஓங்குகிறது. வருகிறது என்று தெரியும். எப்போது என்றும் தெரியும். தெரிந்தும் கண்ணைச் சிமிட்டாமல் இருக்க முடியவில்லை. அழுத்தினார், நனைந்தார், வாய்விட்டுச் சிரித்தார். அந்த வீட்டில் அவர் சிரித்து அதுவரை யாரும் கேட்டதில்லை. குரு ஓட ஓட இவரும் துரத்தித் துரத்திச் சுட்டார். தொட்டி தீர்ந்ததும்தான் நின்றார். மூச்சு வாங்கியது. தாடியில் தண்ணீர் சொட்டியது.

சிரிப்பு மெல்ல அடங்கியது.

"டீச்சர்."

"ம்."

"இது ஒழுகலீங்க."

"பின்னே?"

"இது… அடிக்குதுங்க. அடிக்கறதுக்குன்னே வெச்ச ஓட்டைங்க."

"எனக்குத் தெரியாது. எனக்கும் இன்னிக்குத்தான் சந்தேகம் வந்துச்சு. அத்தனை கோட்டையும் சரியாப் போட்ட கை, அந்த ஒரு கோட்டை மட்டும் மறந்திருக்குமான்னு."

அர்த்தநாரி படியில் இறங்கி ஓடினார். அந்த வயதில் அப்படி ஓடக் கூடாது. கொடியில் சிவப்புத் துப்பாக்கி காய்ந்துகொண்டிருந்தது. ஸ்க்ரூவைச் சுரண்டிப் பார்த்தார், வரவில்லை. கெட்டி வண்ணம், கீழே இருந்த கோட்டையும் சேர்த்து விழுங்கியிருந்தது. படத்தின் இன்னொரு நகல் குருவின் மேசையில் இருந்தது. அதை இழுத்து வைத்தார். மணியைப் பார்த்தார். சாராள் அம்மா வருவதற்கு அதிக நேரம் இல்லை. தலையைக்கூடத் துவட்டவில்லை. தண்ணீர் அதிகம் கலந்து, மெல்லிசாக, கோடு ஒன்றுகூட மறையாதபடி பூசத் தொடங்கினார்.

சாராள் அம்மா ஆட்டோவில் வந்து இறங்கினார். நூல் புடவை, கையில் குடை, காதில் கேட்கும் கருவி. குருவின் வீட்டுக்கு ஏறுகிற மாடிப்படியைப் பார்த்து, "ஏன் கண்ணு, கண்டுபிடிக்கறவங்க யாரும் இன்னும் இந்தப் படிக்கு மாத்துக் கண்டுபிடிக்கலையா?" என்று கேட்டுக்கொண்டே ஏறி வந்தார்.

உள்ளே வந்ததும் அவர் கண்ணில் முதலில் பட்டது கொடியில் தொங்கிய சிவப்புத் துப்பாக்கி. சீடர் அதை அவிழ்க்க மறந்திருந்தார்.

அம்மா அருகே போனார். கண்ணாடியை மேலே தள்ளிப் பார்த்தார். சிவப்பைப் பார்த்தார். வெள்ளியைப் பார்த்தார். ஸ்க்ரூவில் கண் நின்றது. அங்கேயே நின்றது.

"ரொம்ப நல்லா இருக்குதுங்க" என்றார். குரல் மட்டும் இறங்கிவிட்டது. "ஆனா இது என்னுது இல்லைங்க. இது அந்தக் கம்பெனிக்காரங்க கேட்டது."

கண்ணாடியைக் கீழே இறக்கிக்கொண்டார்.

"பொம்மைக் கம்பெனிக்குக் கொண்டு போனேன். படம் பிரமாதம்னாங்க. பின்னால ஒரு ஸ்க்ரூ போட்டு அடைச்சுக் குடு, நாளைக்கே செய்யறோம்னாங்க. எந்த அப்பன் கடையில போய், என் பையன் மூஞ்சியில அடிக்கற துப்பாக்கி ஒண்ணு குடுன்னு கேப்பான்னு ஒருத்தர் சிரிச்சார். அப்ப ஸ்க்ரூ போட்டுக் குடுத்திருந்தா ஊர் பூரா என் பொம்மை இருந்திருக்கும். நான் தாளைச் சுருட்டிட்டு வந்துட்டேன்." குடையை எடுத்துக்கொண்டார். "சரி கண்ணு. நேரமாகுது. வரட்டுமா?"

அர்த்தநாரி மேசையருகே நின்றார். கையில் தூரிகை. அந்த அம்மா கதவுப் பக்கம் திரும்பிவிட்டார்.

குரு சீடரைப் பார்த்தார். பார்த்ததோடு சரி.

"அம்மா" என்றார் சீடர். "அதைப் பண்ணவனும் நான்தானுங்க. பம்ப் கம்பெனியில இருந்தவன். ஓட்டையைப் பார்த்தா அடைச்சே பழக்கம். இதைக் கொஞ்சம் பாருங்க. இன்னும் காயலீங்க. பிடி பூசறதுக்குள்ள நீங்க வந்துட்டீங்க."

சாராள் அம்மா திரும்பி வந்தார். மேசையில் இருந்த தாளைக் குனிந்து பார்த்தார். எலுமிச்சை மஞ்சள், அவ்வளவு மெல்லிசாக. ஒவ்வொரு கோடும் தெரிந்தது. பிடி வெறும் காகிதமாகவே இருந்தது. அம்மாவின் விரல் தொட்டியில் தொடங்கியது. குழாயில் இறங்கியது. தண்டைத் தாண்டியது. மூக்குக்குப் போகவில்லை. பின்னால் திரும்பி, பத்தொன்பதாம் எண்ணுக்கு வந்தது. அங்கே மட்டும் துளி நீலம். சாய்வாக, மேல் நோக்கி, துளையைவிட்டு வெளியே வந்து நின்றது.

விரலை அவர் எடுக்கவில்லை.

"எங்க வீட்ல ரெண்டு தம்பிங்க" என்றார், படத்திடம் சொல்வது போல. "துப்பாக்கி எப்பவும் பெரியவன் கையில. நனையறது எப்பவும் சின்னவன். அவன் அழுவான், இவன் சிரிப்பான். பட்டறைக்குப் போனாலும் அந்தச் சத்தம் என் காதுலயே இருக்கும். அதுக்குத்தான் இது. வெறுந் தகரத்துல ஒண்ணு செஞ்சு குடுத்தன்னிக்கு ரெண்டு பேரும் நனைஞ்சு ரெண்டு பேரும் சிரிச்சாங்க. அப்புறம் எனக்கு ரெண்டாவது துப்பாக்கி செய்யவே வேலை வரலை. ஒண்ணையே மாத்தி மாத்தி வெச்சுக்கிட்டாங்க."

"அம்மா, இது…" என்றார் சீடர்.

"இது என்னுது" என்றார் சாராள் அம்மா.

அர்த்தநாரி நாற்காலியைத் தேடி உட்கார்ந்துகொண்டார்.

"ஏன் மஞ்சள்?" என்று அம்மா கேட்டார்.

"தெரியலீங்க. சிரிச்சுட்டே வந்தேன், கை அங்கே போயிருச்சு. நீங்க என்ன நிறம் நினைச்சிருந்தீங்க?"

"பச்சை."

"ஐயோ! அப்ப மாத்தி…"

"எதுக்குங்க? சும்மா இருங்க. பச்சையா இருந்தா என்ன, மஞ்சளா இருந்தா என்ன? ஓட்டை இருக்குதில்ல."

பிறகு மேசையோரம் கிடந்த பிளாஸ்டிக் துப்பாக்கி அவர் கண்ணில் பட்டது. எடுத்தார். திருப்பினார். பின்பக்கத்தைப் பார்த்துவிட்டுக் குருவை முறைத்தார்.

"இதை யாரு போட்டது?"

"நான்தானுங்க" என்றார் குரு.

"படத்தைப் பார்த்துத்தானே போட்டே? சாய்வை அளந்தியா? இப்படிப் போட்டா கண்ணுல அடிக்கும். கண்ணுல பட்டாக் குழந்தை அழும் கண்ணு. நான் மோவாய்க்கு வெச்சிருக்கேன். மோவாயில பட்டாத்தான் சிரிக்கும். அந்தச் சாய்வுக்கு எத்தனை ஞாயித்துக்கிழமை என் தம்பிங்களை நனைச்சேன் தெரியுமா?"

குரு கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். "தப்புத்தானுங்க" என்றார். சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த மகிழ்ச்சியைச் சீடர் அதற்கு முன் பார்த்ததில்லை.

சாராள் அம்மா துப்பாக்கியில் தண்ணீர் நிரப்பச் சொன்னார். நெஞ்சுக்கு நேரே பிடிக்காமல், கொஞ்சம் இறக்கி, வயிற்றோடு ஒட்டிப் பிடித்தார். குருவைச் சுட்டார். குருவின் கன்னம் நனைந்தது. அம்மாவின் மோவாயில் சரியாக ஒரு கீற்று வந்து விழுந்தது. எண்பதை நெருங்குகிற அந்த முகம், தம்பிகளுக்கு முன்னால் எப்படி இருந்திருக்குமோ அப்படி ஆகிவிட்டது.

"இப்ப நீங்க" என்று சீடரிடம் கொடுத்தார். "இப்படி இறக்கிப் பிடிங்க. ஆங்."

அர்த்தநாரி சுட்டார். மூவரும் நனைந்தார்கள்.

அம்மா கிளம்பும்போது வாசலில் நின்று, "மூலையில பேர் எழுதுங்க. காயறதுக்குள்ள எழுதினா ஊறிரும், பார்த்து" என்று சொல்லிவிட்டுப் போனார். ஆட்டோ சத்தம் தெருமுனையில் தேய்ந்தது.

சீடர் மேசைக்கு வந்தார். மஞ்சள் துப்பாக்கியைப் பார்த்தார். அந்த நீலத் துளியைப் பார்த்தார். கொடியில் தொங்கிய சிவப்பையும் பார்த்தார். இரண்டையும் பூசியது ஒரே கை. மோவாயில் இருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. முகத்தைத் துடைக்கத் தோளில் கிடந்த துண்டை எடுத்தார்.

"டீச்சர், ஒண்ணு கேக்கட்டுங்களா?"

"கேளுங்க."

"வேலை பார்த்த காலம் பூரா ஓட்டை அடைச்சவனுங்க நான். அதுல பலது நிஜமாவே ஒழுகற ஓட்டைங்க. அடைக்கலைன்னா ஊருக்குத் தண்ணி போயிருக்காது. இனிமே ஒரு ஓட்டையைப் பார்த்தா, இது அடைக்க வேண்டியது, இது விட வேண்டியதுன்னு நான் எப்படித் தெரிஞ்சுக்கறது?"

குரு தூரிகையைக் கழுவிக்கொண்டிருந்தார். தலையைத் திருப்பிச் சீடரின் நனைந்த முகத்தைப் பார்த்தார்.

"முதல்ல அந்தத் துண்டைக் கீழ வைங்க" என்றார்.